மடக்கிய கட்டைவிரல்

என் கணவன் தாம்யான் பொய் சொல்லும்போது அவனுடைய வலது கைக் கட்டைவிரல் மற்ற நான்கு விரல்களுக்கு உள்ளே போய் ஒளிந்துகொள்ளும்.

எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு நல்லது நடக்கட்டும் என்று நினைத்தால் கட்டைவிரலை உள்ளே வைத்துக் கையை மூடிக்கொள்வோம். பரீட்சைக்குப் போன பிள்ளைக்காக, பெனால்டி அடிக்க நிற்கும் ஆட்டக்காரனுக்காக, அறுவைசிகிச்சைக்குப் போயிருக்கும் அத்தைக்காக. தாம்யான் தன் பொய்க்காகவே அப்படிக் கையை மூடினான், அது எப்படியாவது கரைசேரட்டும் என்பதுபோல. அவனுக்கே அது தெரியாது. கல்யாணமான புதிதில் ஒரு நாள் சூப்பில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். "அம்மா வெக்கறத விட நல்லா இருக்கு" என்று சொல்லி முழுவதையும் குடித்தான். தட்டுக்குப் பக்கத்தில் அவன் கை மூடிக்கிடந்தது. அன்றுதான் முதலில் பார்த்தேன். பிறகு பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பார்ப்பதுதான் என் தொழில். எங்கள் எல்லையோர ஊரான கொரீட்சாவில் பாதிப் பேர்போல நானும் கேசினோவில் டீலர். படிப்பு முடிந்த கையோடு மேசைக்குப் போனவள். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இத்தாலிக்காரர்கள் வருவார்கள், நாங்கள் சீட்டைப் போடுவோம், சக்கரத்தைச் சுற்றுவோம். மேசையை விட்டு நகரும்போது இரண்டு கைகளையும் ஒருமுறை தட்டி, உள்ளங்கைகளை விரித்துக் காட்ட வேண்டும். எதையும் எடுக்கவில்லை என்று மேலே இருக்கும் கேமராவுக்குச் சொல்வது அது. ரொட்டிக் கடையில் சில்லறை வாங்கிவிட்டுத் திரும்பும்போதும் எனக்குக் கை அப்படியே விரியும். கடைக்காரப் பெண்ணும் முன்னாள் டீலர்தான். சிரிக்க மாட்டாள்.

கையைவிடக் கடினமான பயிற்சி முகத்துக்கு. எதிரே ஒருவர் தன்னிடம் இல்லாததையும் வைத்துத் தோற்றுக்கொண்டிருப்பார். அப்போது டீலரின் முகத்தில் சந்தோஷமும் தெரியக் கூடாது, இரக்கமும் தெரியக் கூடாது. இரக்கம் தெரிந்தால் அது அவருக்கு இன்னும் பெரிய அவமானம். என் முகம் இதைச் சீக்கிரம் கற்றுக்கொண்டது. கற்றுக்கொண்டதை வீட்டுக்கும் கொண்டுவந்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

அந்த நாட்களில் தாம்யான் பின்னறையில் உட்கார்ந்து ஜெயித்துக்கொண்டிருந்தான். இரண்டு திரைகளில் எட்டு போக்கர் மேசைகள். ஒவ்வொன்றிலும் உலகத்தின் ஏதேதோ மூலைகளிலிருந்து ஐந்தாறு பேர். பெயருக்குப் பதில் பட்டப்பெயர், முகத்துக்குப் பதில் ஒரு பூனைப் படமோ கள்ளிச்செடிப் படமோ. யோகர்ட் தின்றுகொண்டே எட்டிலும் ஆடுவான். நாள் முழுக்கத் தோற்றுவிட்டு விசிலடித்தபடி வெளியே வருவான்.

"தோத்துட்டியா?"

"இன்னிக்குத் தோத்தேன். அது கணக்கே இல்ல."

"எது கணக்கு?"

"லட்சம் ஆட்டம் ஆடணும். அப்பத்தான் தெரியும். ஜெயிக்கறது நான் இல்ல நீவெஸ், சராசரி. நான் அதுக்குக் குறுக்க விழாம இருந்தாப் போதும்."

மாதக் கடைசியில் திரையில் ஒரு கோட்டைக் காட்டுவான். நெளிந்து நெளிந்து மேலே ஏறியிருக்கும். அந்தக் கோட்டில்தான் நாங்கள் வாழ்ந்தோம். அவனிடம் தோற்றவர்களில் ஒருவரைக்கூட அவன் பார்த்ததில்லை. அவனையும் யாரும் பார்த்ததில்லை. அதனால்தான் அந்த வீட்டில் மறைக்கத் தெரியாத மனிதனாக அவனால் இருக்க முடிந்தது என்று இப்போது நினைக்கிறேன். நான் வெளியே முகத்தை விற்று வந்தேன். அவன் முகத்தை யாரும் விலை கேட்கவே இல்லை.

எங்களுக்குக் குழந்தை தங்கவில்லை. இரண்டு முறை தானாக உண்டாகி, தானாகப் போயிற்று. பிறகு தலைநகரத்து மருத்துவமனையில் குழந்தைப்பேற்றுச் சிகிச்சை. ஊசிகள், காத்திருப்பு, மறுபடி ஒன்றுமில்லை. சிகிச்சை இரண்டாவது முறையும் பலிக்காமல் காரில் திரும்பும்போது விப்பாவாப் பள்ளத்தாக்கில் பூர்யா காற்று வண்டியைப் பிடித்து உலுக்கியது. தாம்யான் சாலையைப் பார்த்தபடி சொன்னான்.

"எனக்குப் பரவாயில்ல நீவெஸ். நாம ரெண்டு பேரே போதும்."

கியர் கம்பியின்மேல் இருந்த கை மூடியிருந்தது. கட்டைவிரல் உள்ளே.

அந்தப் பொய்யை நான் எவ்வளவு நேசித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. அவனுக்குக் குழந்தை வேண்டும். எனக்கு வலிக்கக் கூடாது என்பதற்காக வேண்டாம் என்கிறான். இரண்டும் ஒரே கையில் தெரிந்தன. "எனக்கும் பரவாயில்ல" என்று நானும் சொன்னேன். உண்மையில் எனக்கு அப்படி இல்லை. ஆனால் என் குரல் மேசைக் குரல், அதில் எதுவும் தெரியாது. அவன் தலையாட்டினான். நம்பிவிட்டான்.

இன்னும் ஒரு முறை முயலலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இடம் காலியானதும் கூப்பிடுவார்கள். என் வயதுக்கு அதுதான் கடைசி. அந்த அழைப்பு வரும்போது தாம்யானிடம் கேட்பேன், அவன் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், நான் கையைப் பார்த்துக்கொள்வேன் என்று இருந்தேன்.

அதற்குள் கோடு படுத்துவிட்டது. ஒரேயடியாக இல்லை. முதலில் ஏறுவது மெதுவாயிற்று, பிறகு தட்டையாயிற்று. தப்பே செய்யாமல் ஆடும் கணினி நிரல்கள் வந்துவிட்டன, யார் மனிதன் யார் நிரல் என்றே தெரியவில்லை என்றான். விளையாட்டுக்காக வந்து தோற்றுப்போகிறவர்கள் அலுத்துப்போய் விலகிவிட்டார்கள். "குளத்துல மீனே இல்ல. கொக்குங்க மட்டும் ஒண்ண ஒண்ணு பாத்துக்கிட்டு நிக்குது." கோடு கீழே சரியத் தொடங்கிய வசந்தத்தில், நேரில் உட்கார்ந்து ஆடப்போவதாகச் சொன்னான்.

நான் வேலைசெய்யும் இடத்தில் எங்கள் வீட்டார் ஆடக் கூடாது. ஊரின் மறுகோடியில், ரயில் நிலையத்தருகே, ஒரு சின்ன விடுதியில் வியாழக்கிழமை மதியங்களில் போக்கர் மேசை போடுவார்கள். அங்கே போனான். முதல் நாள் ஜெயித்துவிட்டு வந்தான். வந்தவன் சாப்பிடவில்லை.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. தோத்த ஆளு எழுந்தே போகல நீவெஸ். ஒரு காபி சொல்லிட்டு அங்கயே உக்காந்திருந்தாரு. சர்க்கரையப் போட்டுக் கலக்கிட்டே இருந்தாரு."

"அப்படித்தான் இருப்பாங்க."

"உனக்குப் பழக்கம். வீட்ல ஜெயிச்சா கோடு ஏறும், அவ்வளவுதான். இங்க ஒருத்தர்கிட்டேர்ந்து புடுங்கற மாதிரி இருக்கு."

அதற்குப் பிறகு அவன் ஜெயிக்கவில்லை. வாரத்துக்கு வாரம் தோற்றான். கணக்கில் அவனுக்குச் சமமானவர் அந்த மேசையில் ஒருவர்கூட இல்லை, எனக்கே தெரியும். ஆனால் நேரில் ஒரு மணி நேரத்துக்கு முப்பது ஆட்டம் நடந்தால் அதிகம். வாரத்தில் ஒரு மதியம் ஆடி ஒரு லட்சம் ஆட்டம் சேர்க்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். சராசரி வந்து காப்பாற்றுவதற்குள் மனிதர்கள் வந்துவிடுகிறார்கள்.

அந்த விடுதியில் டீலராக இருந்த லொரெதானா ஒரு காலத்தில் என்னோடு வேலைபார்த்தவள். சந்தையில் என்னைப் பிடித்து நிறுத்தினாள்.

"அடியே, உன் புருஷன வீட்டோட வெச்சுக்கக் கூடாதா? திறந்து கெடக்கற ஜன்னல் மாதிரி உக்காந்திருக்கான்."

"எதுல தெரியுது?"

"நான் டீலர்டீ. பாத்தாலும் சொல்ல மாட்டேன், உனக்குத் தெரியாததா? நீ ஒரு வியாழக்கிழமை வா. டீலரா வராத. பொண்டாட்டியா வந்து பாரு."

போனேன். பாரில் உட்கார்ந்தால் மேசை பக்கவாட்டில் தெரியும். தாம்யானுக்கு எதிரே துல்லியோ என்பவர். எல்லைக்கு அந்தப் பக்கத்தில் பல் டாக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். வெள்ளைச் சட்டை, கழுத்தில் கட்டிய பட்டுத்துணி, வாய் ஓயாத பேச்சு. அவருடைய அம்மா எங்கள் பக்கத்துப் பெண், அதனால் எங்கள் மொழியை எங்களைவிட நன்றாகப் பேசுவார்.

"என்னப்பா தம்பி, இணையத்துல நீ பெரிய ராஜான்னாங்க. இங்க என்ன, கிரீடத்த வீட்லயே வெச்சுட்டு வந்துட்டியா?"

"ஆடுங்க டாக்டர்."

"ஆடறேன் ஆடறேன். நாப்பது வருஷம் வாயப் பொளக்கச் சொல்லி உள்ள பாத்தவன் நான். இப்ப மூடின வாயையும் பாக்கறேன், பொறு."

நடுவில் எல்லோருக்கும் பொதுவான ஐந்து சீட்டும் விழுந்துவிட்டன. தாம்யான் கொஞ்சம் யோசித்தான், முன்னாலிருந்த சில்லுகள் எல்லாவற்றையும் தள்ளினான். முகம் நன்றாகத்தான் இருந்தது. கண்ணும் அமைதி. கை மட்டும் பச்சைத் துணிமேல் மெல்ல மூடியது. கட்டைவிரல் உள்ளே போயிற்று.

துல்லியோ அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவர் பார்வை கீழே இருந்தது, கையில். அவருடைய அம்மாவும் அவருக்காக எத்தனையோ முறை அப்படிக் கையை மூடியிருப்பாள்.

"பாவ்லா காட்டறான் பையன்" என்று சொல்லிக்கொண்டே தானும் அவ்வளவு சில்லுகளை வைத்து ஈடுகட்டினார். தாம்யான் திருப்பிக் காட்டிய சீட்டில் ஒன்றுமே இல்லை. மேசையைச் சுற்றிச் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, குழந்தை விழுந்து எழுந்ததைப் பார்த்துச் சிரிப்பதுபோல. லொரெதானா மட்டும் சிரிக்கவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. தோற்றதற்காக இல்லை. எனக்கு மட்டும் தெரியும் என்று வைத்திருந்த ஒன்றை அந்த மனிதர் பல்லைக் குத்தியபடி படித்துக்கொண்டிருந்தார். என் படுக்கையறையில் அந்நியர் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

வீட்டுக்கு நடந்தே வந்தோம்.

"என்ன பாக்கறாங்க நீவெஸ் என்கிட்ட? உனக்குத் தெரியும். இத்தன வருஷமா ஆயிரம் பேரப் பாத்தவ நீ."

"தெரியல."

"பொய் சொல்ற."

ஆனால் அவன் அதை நிச்சயமாகச் சொல்லவில்லை. கேள்வியாகத்தான் கேட்டான். என் முகத்தை உற்றுப் பார்த்தான், ஒன்றும் கிடைக்காமல் திரும்பிக்கொண்டான்.

"சரி விடு. மரக்கடைல கணக்கு எழுத ஆள் கேட்டாங்க. அதுக்கே போயிடறேன். எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல."

கை மூடியிருந்தது.

அடுத்த சில நாட்கள் நான் என்னோடு பேரம் பேசினேன். சொன்னால் அவன் பிழைத்துக்கொள்வான். சொல்லாவிட்டால் அவன் எனக்குத் திறந்தே இருப்பான், ஆனால் கூனிப்போய். அவன் தன்னைப் பற்றி அறியாத ஒன்றை வைத்துக்கொண்டு அவனோடு வாழ்வது அன்புதானா, அல்லது மேலேயிருந்து பார்க்கும் கேமராவா? ஒருநாள் காலையில் பின்னறைக் கதவைத் திறந்தபோது, அணைந்த திரைகளுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தான். திரையில் அவன் முகம் கறுப்பாகத் தெரிந்தது. நான் போய் அவன் வலது கையை எடுத்தேன். கட்டைவிரலை மடக்கி, மற்ற விரல்களை அதன்மேல் மூடினேன்.

"இதுதான்" என்றேன்.

அவன் புரியாமல் கையையே பார்த்தான். பிறகு புரிந்தது. முதலில் சிரித்தான். அப்புறம் காதுவரை சிவந்துபோனான்.

"எப்பவுமா?"

"எப்பவும்."

"வீட்லயுமா?"

அவன் கையை மெல்ல விட்டேன். பழைய பேச்சுகள் ஒவ்வொன்றாக அவன் மனதுக்குள் திரும்பிவருவதை என்னால் பார்க்க முடிந்தது. அப்படி நான் அவனைப் பார்த்தது அதுதான் கடைசித் தடவை.

கற்றுக்கொள்வதில் கெட்டிக்காரன். நான் கைகளைத் தட்டையாக வைக்கச் சொன்னேன், விரல்களை விரித்து, மாவு தட்டியபின் வைப்பதுபோல. சாப்பிடும்போது பயின்றான், பேசும்போது பயின்றான். "இப்பப் பொய் சொல்றேனா, நிஜம் சொல்றேனா, கண்டுபிடி" என்று என்னையே வைத்துப் பரீட்சை நடத்தினான். "இன்னிக்கு ஆத்தங்கரைல உங்க அக்காவப் பாத்தேன்." "நிஜம்." "பொய்!" கைதட்டிச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

இலையுதிர்காலத்தில் ஜெயிக்க ஆரம்பித்தான். துல்லியோவை வீழ்த்திய வியாழக்கிழமை வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றான்.

"எழுந்து வந்து கை குடுத்தாருடீ. 'இப்பத்தான் நீ மேசைக்கு வந்திருக்க தம்பி'ன்னாரு. ஆன்லைன்ல இத்தன வருஷம் ஜெயிச்சேன், ஒருத்தன் கை குடுத்ததில்ல."

"சந்தோஷமா இருக்கா?"

"ம். இருக்கு." தன் உள்ளங்கையைப் பார்த்தான். "அவர் கை குளிர்ந்திருந்துது."

அவன் நடை மாறியது. தொலைபேசியில் பேசும்போது குரல் மாறியது. யாராவது ஏதாவது சொன்னால் பதில் சொல்லுமுன் அரை விநாடி அவர்களைப் பார்த்தான். தொழிலில் நல்ல டீலருக்கு அந்தப் பார்வை வர வருஷங்கள் ஆகும்.

குளிர் தொடங்கியபோது மருத்துவமனையிலிருந்து அழைத்தார்கள். இடம் இருக்கிறது, ஜனவரியில் ஆரம்பிக்கலாம், நாளை மதியத்துக்குள் முடிவு சொல்லுங்கள் என்ற நர்ஸின் குரல் அன்பாக இருந்தது. நான் இரவு வேலைக்கு விடுப்பு சொன்னேன். மறுநாள் காலை யோத்தா சூப் வைத்தேன். பீன்ஸும் புளித்த முட்டைக்கோஸும் வெந்து வீடெல்லாம் மணந்தது. அவனை உட்காரவைத்து, எதிரே உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன்.

"உனக்கு என்ன வேணும், அதச் சொல்லு" என்றேன்.

"உன் இஷ்டம் நீவெஸ். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

கைகள் தட்டின் இருபக்கமும் விரிந்திருந்தன. கட்டைவிரல்கள் வெளியே, தளர்ந்து. கண்ணைப் பார்த்தேன். தொண்டையைப் பார்த்தேன். மேசைக்குக் கீழே பாதங்கள் அசைகின்றனவா என்று காதால் கேட்டேன். ஒன்றுமில்லை. என் எதிரே நான் செய்த மனிதன் உட்கார்ந்திருந்தான்.

"நிஜமாவா?"

"நிஜமா."

உண்மையாகவே ஆறிப்போயிருக்கலாம். ஜெயிக்கத் தொடங்கியவனுக்கு அந்த ஆசை வேறெங்கோ போய்ச் சேர்ந்திருக்கலாம். அல்லது உள்ளே முன்புபோலவே எரிந்துகொண்டிருக்கலாம். இரண்டுக்கும் ஒரே முகம். முதல்முறையாக ஒரு சாதாரண மனைவியைப்போல, கணவன் சொன்ன வார்த்தையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் என்னோடு எப்போதும் இப்படித்தான் வாழ்ந்திருக்கிறான். நான் அழாமல் சொன்ன ஒவ்வொரு "பரவாயில்ல"வையும், வலிக்கவில்லை என்று ஊசி போட்டுக்கொண்ட ஒவ்வொரு காலையையும் அவன் வார்த்தையாக மட்டும்தான் பெற்றிருக்கிறான். அவனுக்குப் படிக்க என்னிடம் ஒரு விரல்கூட இருந்ததில்லை.

"உனக்கு?" என்று கேட்டான். "உனக்கு என்ன வேணும்?"

இந்தத் தடவை உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்தேன்.

"எனக்கு வேணும், தாம்யான். இன்னொரு தடவை போகணும். எனக்கு ரொம்ப வேணும்."

சொன்னபோது என் குரல் எனக்கே கேட்டது. இனி யாரும் பந்தயம் வைக்க வேண்டாம் என்று அறிவிக்கும் அதே குரல். கண்ணில் நீர் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. என் முகம் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

அவன் என்னைப் பார்த்தான். முன்புபோல நம்பிவிடவில்லை. நெடுநேரம் பார்த்தான், துல்லியோவின் மேசையில் கற்ற பார்வை. பிறகு அவன் முகம் இளகியது.

"எனக்காகச் சொல்ற."

"இல்ல."

"எனக்கு ஆசையிருக்குன்னு நெனச்சு, எனக்காகச் சொல்ற. அன்னிக்குக் கார்ல என் கையப் பாத்த, இல்ல? அத வெச்சுச் சொல்ற."

"இல்ல தாம்யான். எனக்கே வேணும்."

"உனக்கு வேணும்னா நீ இவ்வளவு சத்தமா சொல்ல மாட்ட. இத்தன வருஷத்துல ஒரு தடவையாவது எனக்கு வேணும்னு சொல்லியிருக்கியா?" எழுந்து வந்து என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டான். "போதும் நீவெஸ். உன் உடம்பு பட்டது போதும். என் ஒருத்தனுக்காக இன்னொரு தடவை நீ படவேண்டாம்."

மறுபடி சொல்ல வாயெடுத்தேன். எப்படிச் சொன்னாலும், எத்தனை முறை சொன்னாலும், சொல்லச் சொல்ல அது அவனுக்கு இன்னும் பெரிய தியாகமாகத்தான் கேட்கும் என்று தெரிந்தது. வலுவில்லாதவர்கள்தான் குரலை உயர்த்துவார்கள் என்று மேசையில் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் இப்போது தெரியும். தன் வாழ்க்கையிலேயே மிக நன்றாக ஆடுவதாக அவன் நம்பிக்கொண்டிருந்தான்.

"ஆஸ்பத்திரிக்கு நானே ஃபோன் பண்ணிடறேன்" என்றான். "நீ சாப்பிடு, ஆறிடும்."

ஜன்னலருகே நின்று, எனக்கு முதுகைக் காட்டியபடி பேசினான். நல்ல குரல், பதற்றமில்லாதது. வணக்கம் சொன்னான், பெயரைச் சொன்னான், என் பிறந்த தேதியைச் சொன்னான். வேறொரு பெண் காத்திருப்பாள் இல்லையா, எங்கள் இடத்தை அவளுக்குக் கொடுங்கள் என்றான். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

"ஆமாங்க, பக்கத்துலதான் இருக்காங்க. பேசித்தான் முடிவு பண்ணோம். ரெண்டு பேருக்கும் சம்மதம்தான்."

நான் கரண்டியை எடுத்து அவன் தட்டில் சூப்பை ஊற்றினேன், பிறகு என் தட்டில்.